மறு: ‘டக்டஸ் ஆர்டீரியோசஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘தமனி நாளக் குறைபாடு’ என்றே வைத்துவிடலாமே?

நண்பர்களே,

‘குறைபாடு’ என்பதைப் பெயருக்குள் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்பது நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுரையீரல் தமனியையும் உடலுக்குக் கொண்டுபோகும் பெருந்தமனியையும் இணைக்கும் சிறு குழாய். கருவில் இருக்கும் குழந்தைக்கு இந்தக் குழாய் கட்டாயம் வேண்டும். அப்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் நுரையீரல் தமனிக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி இதன் வழியே நேராகப் பெருந்தமனிக்குப் போய்விடுகிறது. பிறந்து மூச்சு விட்டதும் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வந்துகொண்டிருந்த, குழாயைத் திறந்து வைத்திருக்கும் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் குறைகிறது. குழாய்ச் சுவரின் தசை சுருங்கி, நிறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 3 நாட்களுக்குள் வழி அடைபட்டுவிடும். அடைபடாமல் நீடித்தால்தான் மருத்துவர்கள் பி.டி.ஏ. (பேட்டன்ட் டக்டஸ் ஆர்டீரியோசஸ்) என்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்றும் உண்டு. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்கு இந்தக் குழாய் மூடிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அறுவை சிகிச்சை வரை அது திறந்தே இருக்க ப்ரோஸ்டாகிளாண்டின் மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றுகிறார்கள். ஒரு குழந்தைக்கு மூட வேண்டிய அதே குழாயை இன்னொரு குழந்தைக்கு மூடவிடாமல் காக்கிறார்கள். ஆகவே குழாய்க்கு ஒரு பெயர், அதன் நிலைக்குத் தனி அடைமொழி என்று பிரித்து வைப்பதே சரி.

‘நாளம்’ பற்றி: தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நாளமில்லாச் சுரப்பி’ (‘டக்ட்’ இல்லாத சுரப்பி) படித்தவர்களுக்கு அது பொருத்தமாகத்தான் படும். ஆனால் ‘இரத்த நாளம்’ என்று எல்லாக் குழல்களையும் சொல்கிறோமே, ‘தமனி நாளம்’ என்றால் வெறும் தமனி என்றுதானே புரியும்? இலங்கையில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம். அங்குள்ள மாணவர் இதைப் படித்தால் தமனியா சிரையா என்று திகைப்பார்.

என் பரிந்துரை: தமனியிடைக் குழாய். இரண்டு தமனிகளுக்கு இடையே ஓடுவது என்பது பெயரிலேயே இருக்கிறது. இலங்கையில் ‘நாடியிடைக் குழாய்’ என்று மாற்றிக்கொண்டாலும் அமைப்பு குலையாது. பி.டி.ஏ.வுக்கு ‘மூடாத் தமனியிடைக் குழாய்’. ‘திறந்த’ என்பதைவிட ‘மூடாத’ நல்லது, மூடியிருக்க வேண்டியது என்ற செய்தி அதில் இருக்கிறது.

நோய் கண்டறியும் இடத்திலும் இது கைகொடுக்கும். பிறந்த குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கிறார்களே, காரணம் இந்தக் குழாய்தான். வலது கைக்குப் போகும் ரத்தம் குழாய் சேரும் இடத்துக்கு முன்பே பிரிகிறது, காலுக்குப் போவது அதற்குப் பின். இரண்டு அளவுகளுக்கும் 3 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்வார்கள். ‘குழாய்க்கு முன்’, ‘குழாய்க்குப் பின்’ என்று செவிலியர்கள் அட்டையில் அப்படியே எழுதலாம்.

> மக்கள் ‘இதயத்தில் ஓட்டை’ என்றுதானே சொல்கிறார்கள், அதுவே போதாதா?

இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் குழாய் இதயத்துக்கு வெளியே இருக்கிறது. 1938இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ் 7 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதைக் கட்டி மூடியபோது இதயத்தைத் திறக்கவே இல்லை. இன்று பல குழந்தைகளுக்குத் தொடை வழியே மெல்லிய குழலைச் செலுத்தி அடைத்துவிடுகிறார்கள். ‘ஓட்டை’ என்று கேட்டதும் பதறும் பெற்றோருக்கு இதை விளக்க நம்மிடம் ஒரு சொல் வேண்டும்.

மூடிய பின் எஞ்சும் நார்ப்பட்டைக்கு ‘தமனியிடை நார்’ போதுமா, ‘பிணையம்’ (லிகமென்ட்) என்று முடிக்க வேண்டுமா? உடற்கூற்றியல் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள். அதைப் பார்த்து அகராதிப் பதிவை எழுதுகிறேன்.