பட்டாலையில் ஓடிய கார்ப்பாதை: இயந்திரக் கை செய்தவர்களின் அனுபவங்கள்

கானாடுகாத்தானிலிருந்து:

இயந்திரக் கைகள் பொருத்திய பொம்மைக் கார்ப்பாதையை வீட்டிலேயே செய்து பார்த்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். கோடை விடுமுறைக்கு வந்த பேரன், "அப்பத்தா, நாம தொடாமலே கார் திரும்ப மேல ஏறுமா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காக எங்கள் வீட்டுக் கூடமான பட்டாலை ஏழு வாரம் பட்டறையாகவே இருந்தது.

நாங்கள் நினைத்தது இதுதான். கார் சரிவில் உருண்டு அடிக்கு வர வேண்டும். முதல் கை அதைத் தூக்கி மேல் பாதையில் விட வேண்டும். இரண்டாவது கை அங்கிருந்து காரைக் கவ்வித் திரும்பி அடுத்த பாதையில் வைக்க வேண்டும். கடைசியில் கார் ஒரு பனையோலைக் கொட்டானுக்குள் போய் விழ வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு கைப்பிடியைச் சுற்றுவதால் மட்டுமே நடக்க வேண்டும். பாதைக்கு மின் வயரிங் செய்பவர்கள் சுவரில் அடிக்கும் ஒன்றரை அங்குலப் பி.வி.சி. பட்டையின் அடிப்பாகத்தை வாங்கினோம். இருபுறமும் உதடு இருப்பதால் சிறிய கார்கள் அதற்குள் வழி தவறாமல் ஓடுகின்றன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கார் விழுந்து சிராய்ப்பு ஏற்படக் கூடாது என்பதற்காக அடியில் கோரைப் பாய் விரித்தோம்.

முதலில் பேரன், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறிய சர்வோ மோட்டாரைக் கொண்டுதான் கையைத் தூக்க முயன்றான். 9 கிராம் எடையுள்ள அந்த நீல நிற மோட்டாரை இன்று எல்லாப் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். கை சற்றும் எழவில்லை. மோட்டார் முனகிச் சூடானது. அவனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். கையின் நீளம் 30 செ.மீ., நுனியில் 40 கிராம் கார். இரண்டையும் பெருக்கினால் 1,200. தேக்குச் சட்டத்தின் எடை 60 கிராம், அதன் நடுப்புள்ளி 15 செ.மீ. தொலைவில் இருக்கிறது, அது 900. கையைத் தூக்கத் தேவையான திருப்புவிசை மொத்தம் 2,100 கிராம்-செ.மீ. அந்த மோட்டார் முழுமூச்சாகத் தள்ளினாலும் 1,800தான் தாங்கும் என்று அதன் விவரத்தாளில் போட்டிருக்கிறது. மோட்டார் கெட்டுவிட்டதாக நினைத்து அழுதுகொண்டிருந்தவன், அதன் மேல் குற்றமில்லை என்பதைத் தன் கையாலேயே எழுதிப் பார்த்த அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

அப்போதுதான் அவனுக்கு ஏற்றத்தைப் பற்றிச் சொன்னேன். என் சிறுவயதில் தோட்டக் கிணற்றில் ஏற்றம் இருந்தது. நீண்ட மரத்தின் பின்புறப் பாரம் முன்புறச் சாலின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். நாங்களும் கையின் வாலை நீட்டி, பழைய தராசின் இரும்பு எடைக்கற்களில் 150 கிராமை எடுத்து அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கட்டினோம். கை எளிதாக எழுந்தது. ஆனால் காரை இறக்கிவிட்ட பிறகு கீழே வர மறுத்தது. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். கார் இல்லாத கை 900தான், எதிர்ப்பாரமோ 1,500. எனவே 100 கிராம் கல்லை மட்டும் வைத்து 8 செ.மீ. தொலைவுக்கு நகர்த்தினோம். இப்போது எதிர்ப்பாரம் 800. வெறுங்கை தன் எடையாலேயே மெதுவாக இறங்கியது.

கையைத் தூக்குவதற்கு மோட்டாரை விட்டுவிட்டுக் கேம் வைத்தோம். பட்டறைக்காரர்கள் கேம் என்று சொல்வது, ஒரு தண்டில் கோத்துச் சுழலவிடும் முட்டை வடிவத் தட்டு. அதன் புடைத்த பக்கம் மேலே வரும்போது, கையின் அச்சிலிருந்து 6 செ.மீ. தொலைவில் உள்ள குமிழை 3 செ.மீ. உயர்த்தும்; கையின் நுனியோ ஐந்து மடங்காக 15 செ.மீ. உயரும். உடைந்த கதவொன்றின் பர்மாத் தேக்கில் எங்கள் ஊர்த் தச்சர் அதை அறுத்துக் கொடுத்தார். அவர் இழைத்த தட்டு கண்ணாடி போல் இருந்தது, எனினும் நான் வரைந்து கொடுத்த வடிவம் தவறு. புடைப்பின் உச்சி கூர்மையாக இருந்ததால் கை உச்சிக்குப் போன கணத்திலேயே இறங்கத் தொடங்கியது. கார் பாதி வழுக்கிய நிலையில் பாதைக்கும் கைக்கும் இடையில் விழுந்தது. இரண்டாம் முறை வட்டத்தை நான்காகப் பிரித்தோம்: 120 பாகையில் ஏற்றம், 60 பாகையில் மேலே நிலை, 120 பாகையில் இறக்கம், மீண்டும் 60 பாகையில் கீழே நிலை. நிலை வேண்டிய இடத்தில் தட்டின் விளிம்பு தண்டை மையமாகக் கொண்ட சுத்தமான வட்டவில்லாக இருக்க வேண்டும்; அங்கே எவ்வளவு சுழன்றாலும் குமிழ் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. எட்டு விநாடிக்கு ஒரு சுற்று என்று சுற்றினால் அந்த நிலை ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல் நீடிக்கிறது. கார் கையை விட்டு உருண்டு போக அது போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நேரம். கார் சரிவில் இறங்க எடுத்துக்கொண்ட நேரம் ஒருமுறை போல் மறுமுறை இருக்கவில்லை. சக்கரத்தில் ஒரு முடி சுற்றியிருந்தால்கூட மாறிவிடும். கேமைத் திருத்தித் திருத்தி, கை வரும் நேரத்தைக் காரோடு பொருத்தப் பத்து நாள் வீணாக்கினேன். பொருந்தவே இல்லை. பிறகு ஒரு மாலை, தேர்த் திருவிழாவைப் பற்றிப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் விடை எனக்குத் தென்பட்டது. வடம் பிடிப்பவர்கள் தேரை இழுக்கலாமே தவிர நிறுத்த முடியாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள்தான் எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்பதைத் தீர்மானிக்கிறார்கள். காரும் அப்படி நிற்கட்டும். பாதையின் முடிவில் ஒரு துளையிட்டு அதன் வழியாகச் சிறு மரத்துண்டு எழுந்து நிற்குமாறு செய்தோம். கை முழுவதும் கீழே இறங்கியதும் அதன் அடிப்பக்கம் ஒரு நெம்புகோலை அழுத்தும். மரத்துண்டு உள்ளே போகும். காத்திருந்த கார் கையின் மேல் ஏறும். கை எழுந்தவுடன் ரப்பர் பட்டை அந்த முட்டுக்கட்டையை மறுபடியும் எழுப்பிவிடும். கார் இரண்டு விநாடியில் வந்தாலும் ஐந்து விநாடியில் வந்தாலும் இப்போது ஒன்றுதான். கையைக் காருக்காக ஓடவிடாமல் காரைக் கைக்காக நிறுத்தியதுதான் இந்த முயற்சியில் நான் கண்டுபிடித்தது என்று சொல்லத்தக்க ஒரே விஷயம். மற்றவை எல்லாம் முன்னோர் கண்டவை.

இரண்டாவது கைக்கு ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கட்டிப் பார்த்தோம். அச்சாணிகள் மட்டும் சிலிர்த்தன, கார் எழவில்லை. உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த இந்தக் கார்களின் உடல் துத்தநாகக் கலவை என்பதால் காந்தம் ஒட்டாது. ஆகவே அடுப்படி இடுக்கியைப் போல இரண்டு தாடைகள் செய்து, உட்புறம் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டி, சைக்கிள் பிரேக் வயரால் இழுத்து மூடினோம். கை திரும்பும்போது வயர் தானாக இழுபட்டுத் தாடை இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. கை திரும்பும் அச்சின் நடுவில் துளையிட்டு வயரை அதற்குள் விட்ட பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. மரத்துக்கு மெழுகுவத்தியைத் தேய்ப்பதே நல்லது.

கோட்டையூரிலிருந்து:

ஆச்சி, நான் சென்னைக்கு அருகே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ரோபோக்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் முட்டுக்கட்டையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பாகங்களை நகர்த்திச் செல்லும் எங்கள் கன்வேயரிலும் இதே ஏற்பாடுதான். காற்றழுத்தத்தால் எழும் ஒரு கட்டை பாகத்தை நிறுத்தி வைக்கும், ரோபோ தயார் என்ற சைகை வந்த பிறகே அது இறங்கும். சேர்ந்த புதிதில் ஒருமுறை நான் அந்தச் சைகையை எதிர்பார்க்காமல் நேரக்கணக்கை மட்டும் நம்பி ஓட்டிவிட்டேன். ரோபோவின் தாடை பாகத்தின் மேல் மோதி வளைந்தது. நீங்கள் பத்து நாளில் கண்டதை அன்று எனக்கு ஒரு மூத்தவர் பத்து நிமிடம் கடிந்து சொல்லிக் கொடுத்தார்.

உங்கள் பேரனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். தொழிற்சாலையில் வேலைக்கு நின்ற முதல் ரோபோக் கை யூனிமேட். 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் அது செய்த வேலை, அச்சில் வார்த்த சூடான உலோகப் பாகங்களை இயந்திரத்திலிருந்து எடுத்து வைப்பது. அவன் விளையாடும் காரும் அச்சில் வார்த்ததுதான். ஜார்ஜ் டெவால் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தக் கை, அடுத்து எங்கே போக வேண்டும் என்ற வரிசையை ஒரு காந்த உருளையில் பதித்து வைத்திருந்தது. உங்கள் தண்டில் வரிசையாகக் கோத்த தேக்குக் கேம்கள் செய்வதும் அதே காரியம்; ஒன்றில் வரிசை காந்தப் பதிவாக இருக்கிறது, மற்றதில் மரத்தின் வடிவமாக இருக்கிறது.

நானும் என் அண்ணன் மகனும் கைகளோடு, கார் தலைகீழாகச் சுற்றி வரும் ஒரு முழு வளையத்தையும் சேர்த்தோம். உராய்வே இல்லையென்றால் வளையத்தின் ஆரத்தைப் போல் இரண்டரை மடங்கு உயரத்திலிருந்து விட்டால் போதும் என்பது பாடக்கணக்கு. 10 செ.மீ. ஆரத்துக்கு 25 செ.மீ. உயரத்திலிருந்து விட்டபோது கார் ஒவ்வொரு முறையும் உச்சிக்குச் சற்று முன்பே விழுந்தது. 36 செ.மீ. வைத்த பிறகுதான் தவறாமல் சுற்றுகிறது. ஆகவே வளையம் வைப்பவர்கள் தூக்கும் கையை அதற்கேற்ப நீளமாகத் திட்டமிட வேண்டும்; பிறகு மாற்றினால் கேம் முதல் எல்லாவற்றையும் மாற்ற நேரிடும்.

காரைக்குடியிலிருந்து:

காந்தத்தைப் பற்றி ஒரு சொல். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையொன்றில் சாவி கொடுத்தால் ஓடும் பழைய தகரக் கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அது இரும்புத் தகடு என்பதால் காந்தக் கை அதைச் சிக்கென்று பிடிக்கிறது. துத்தநாகக் காருக்கும் வழி உண்டு. கூரையில் மெல்லிய இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டினால் போதும். விடுவிக்கத்தான் காந்தத்தைப் பின்னால் இழுக்கும் ஒரு சிறு கம்பி வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

நான் மழலையர் பள்ளியில் பணிபுரிகிறேன். மேலே எழுதிய அனைவரும் காரைப் பற்றி அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். விரலைப் பற்றி யாரும் எழுதவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வகுப்புக்காக நாங்களே செய்த தூக்கும் கையில் நான்கு வயதுக் குழந்தையின் சுண்டுவிரல் அகப்பட்டது. காயம் சிறியது, ஆனால் அந்த அழுகையை இன்றும் நினைக்கிறேன். கைக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் நடுவே நான் விட்டிருந்த இடைவெளி ஏறக்குறைய 8 மி.மீ. பொம்மைப் பாதுகாப்பு விதிகளைப் பிறகு படித்தபோது, கீல் போல மடங்கும் இடங்களில் 5 மி.மீ. கம்பி நுழையுமானால் 12 மி.மீ. கம்பியும் நுழைய வேண்டும் என்றிருந்தது. அதாவது விரல் புகவே முடியாத அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும், அல்லது புகுந்த விரல் நசுங்காத அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். நான் விட்ட இடைவெளி சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் செய்வதை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை என்பதால்தான் நாமே சோதிக்க வேண்டும் என்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளைக்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தத் திருகையும் வாஷரையும் தரையில் விட்டுவைக்காதீர்கள். காரின் கூரையில் வாஷர் ஒட்டச் சொன்னவரும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். பசை விட்டால் அது குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

கானாடுகாத்தானிலிருந்து, மீண்டும்:

தேவகோட்டை ஆசிரியைக்கு நன்றி. படித்தவுடன் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். தூக்கும் கைக்கும் தாங்குகட்டைக்கும் நடுவே 7 மி.மீ.; வாலில் உள்ள எடைக்கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே 10 மி.மீ. இரண்டுமே ஆகாது. பேரனின் தங்கைக்கு இரண்டரை வயது; பொங்கலுக்கு அவளும் வருகிறாள். தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். தாங்குகட்டையை 14 மி.மீ. விலக்கி வைத்து, கேம் தண்டு முழுவதையும் மூடும்படி ஒரு பெட்டி அடித்துத் தருகிறார். பெட்டியின் முன்பக்கம் மட்டும் கண்ணாடி போட வேண்டுமா, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடு போட வேண்டுமா என்று கேட்டார். உடையாதது வேண்டும் என்பதால் அக்ரிலிக் போதும் என்று சொல்லிவிட்டேன். கேம்கள் சுழல்வது வெளியே தெரிந்தாக வேண்டும் என்பது பேரனின் நிபந்தனை.