மெட் ஸ்கூல் சேர்ந்த பிறகு இ.எம்.டி. சான்றிதழைப் புதுப்பிக்கவா, விட்டுவிடவா?

மேகமலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 2026 ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்.டி. (அங்கே அடிப்படை மருத்துவப் பட்டம், நான்கு வருஷம்) முதலாண்டு சேர்கிறேன். கையில் இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் அடிப்படை அவசர சிகிச்சை தருபவர்) சான்றிதழ் இருக்கிறது, நாடு தழுவிய சான்றளிப்பு அமைப்பான நேஷனல் ரெஜிஸ்ட்ரி கொடுத்தது, 31 மார்ச் 2027 வரை செல்லும். டெக்சாஸ் மாநில லைசென்ஸ் தனியாக இருக்கிறது. படிக்கப் போவது வேறு மாநிலம். புதுப்பிக்க 40 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும், அதில் 11 மணி முடிந்திருக்கிறது. இங்கே ஆம்புலன்ஸ் வேலையை ஜூலையில் விடுகிறேன், அதனால் மார்ச்சில் என் செய்முறைத் திறன்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ட்ரெயினிங் ஆபீசர் யாரும் இருக்க மாட்டார்.

மூன்று கேள்விகள். புதுப்பிப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா? ரெசிடென்சி (எம்.டி. முடித்தபின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) விண்ணப்பத்தில் காலாவதியான சான்றிதழ் அசிங்கமாகத் தெரியுமா? மெட் ஸ்கூல் பாடங்களையே தொடர்கல்வி மணிகளாகக் காட்ட முடியுமா?

---

ஸ்ட்ரெச்சர்சக்கரம் பதில்:

நீங்கள் மூன்று விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் குழப்பம். ரெஜிஸ்ட்ரி சான்றிதழ் ஒன்று. மாநில லைசென்ஸ் வேறு. ஒரு ஆம்புலன்ஸ் ஏஜென்சியோடு உள்ள வேலைத் தொடர்பு மூன்றாவது. நோயாளியைத் தொட அனுமதிப்பது லைசென்ஸும் ஏஜென்சியும்தான். ரெஜிஸ்ட்ரி அட்டை மட்டும் பாக்கெட்டில் இருந்தால் எந்த மாநிலத்திலும் வேலை பார்க்க முடியாது. ஆனால் புது மாநிலத்தில் லைசென்ஸ் கேட்கும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். ஆகவே மூன்றில் காப்பாற்ற வேண்டியது அதுதான். டெக்சாஸ் லைசென்ஸுக்கு நான்கு வருஷச் சுற்று, அது தன்பாட்டில் ஓடட்டும். திரும்பி வரும் எண்ணம் இல்லையென்றால் அதற்காக ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள்.

அடுத்து காலண்டரைப் பாருங்கள். 2027 மார்ச் என்பது உங்கள் முதலாண்டின் நடுப்பகுதி. இப்போது புதுப்பித்தால் அடுத்த கெடு 31 மார்ச் 2029. அப்போது மூன்றாம் ஆண்டு, வார்டு சுற்றிக்கொண்டிருப்பீர்கள், காலை 5 மணிக்கு ப்ரீ-ரவுண்ட்ஸ், அதாவது டாக்டர்கள் வரும் முன் நோயாளிகளைப் பார்த்து வைப்பது. அந்தப் புதுப்பிப்பு நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக உங்கள் கேள்வி நான்கு வருஷத்தைப் பற்றியது அல்ல. இந்த ஒரு தடவை 29 மணி நேரம் செலவழித்து, இரண்டு வருஷத்துக்குக் கதவைத் திறந்து வைக்கலாமா என்பதுதான். ஜூலைக்கு முன் உங்களுக்கு நேரம் இருக்கிறது. என் கணக்கில் செய்துவிடலாம்.

40 மணியின் பிரிவு: தேசியப் பகுதி 20, உள்ளூர் அல்லது மாநிலப் பகுதி 10, சொந்த விருப்பம் 10. கையில் உள்ள 11 மணி எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறது என்று இன்றே கணக்கில் நுழைந்து பாருங்கள். பலரும் மாட்டுவது இங்கேதான். மொத்தம் 46 மணி சேர்த்திருப்பார்கள், ஆனால் தேசியப் பகுதியில் ஒரு தலைப்பில் ஒன்றரை மணி குறையும். விண்ணப்பம் நகராது. சொந்த விருப்பப் பகுதியில் அவசர மருத்துவம் சார்ந்த எதையும் போடலாம் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்து, தேசியப் பகுதியை முதலில் தலைப்பு தலைப்பாக அடையுங்கள். ஆன்லைன் வகுப்பு என்றால் சி.ஏ.பி.சி.இ. (தொடர்கல்வி வகுப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். ஒரே வகுப்பை ஒரே சுற்றில் இரண்டு முறை எடுத்தால் ஒரு முறைதான் எண்ணப்படும். மிஞ்சிய மணி அடுத்த சுற்றுக்குப் போகாது. வகுப்புச் சான்றிதழ்களை பி.டி.எஃப். ஆக ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், தணிக்கைக்கு யாரை வேண்டுமானாலும் இழுப்பார்கள்.

ட்ரெயினிங் ஆபீசர் இல்லாத சிக்கலுக்குத் தீர்வு, 'இன்ஆக்டிவ்' நிலையில் புதுப்பிப்பது. மணிக்கணக்கு அப்படியே 40தான், சலுகை கிடையாது. திறன் சரிபார்ப்புக் கையெழுத்து மட்டும் வேண்டாம். சான்றிதழ் உயிரோடு இருக்கும். பிறகு ஏதாவது ஏஜென்சியில் சேர்ந்தால் அவர்கள் திறன்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் 'ஆக்டிவ்' ஆகும்.

மெட் ஸ்கூல் பாடம் பற்றி: கல்லூரிப் பாடங்களை மணிகளாக ஏற்க வழி இருக்கிறது. ஆனால் பாடம் முடிந்து மதிப்பெண் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் உடற்கூறியல் ஏப்ரல் வரை ஓடினால் மார்ச் 31-க்குள் காட்ட ஒன்றும் இருக்காது. அதை நம்பி உட்கார வேண்டாம்.

---

புளிக்குழம்பு பதில்:

மேலே சொன்ன விவரங்கள் சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. தம்பி, விட்டுவிடுங்கள்.

ரெசிடென்சிக்கு ஈராஸ் என்ற ஆன்லைன் விண்ணப்பத்தில் அதிகபட்சம் 10 அனுபவங்கள் எழுதலாம். இ.எம்.டி. வேலையை அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று போட்டு எழுதுவீர்கள், அவ்வளவுதான். பார்த்த வேலை பார்த்ததுதானே, அட்டை காலாவதி ஆனால் அது அழிந்துவிடாது. 'இப்போதும் செல்லும்' என்ற ஒரு வரிக்காக எந்தப் ப்ரோக்ராமும் உங்களைக் கூப்பிடப் போவதில்லை. எமர்ஜென்சி மெடிசின்காரர்கள்கூட அந்தத் துறையில் செய்த ரொட்டேஷனையும் (சில வார வார்டுப் பயிற்சி) அதிலிருந்து வரும் மதிப்பீட்டுக் கடிதத்தையும்தான் பார்ப்பார்கள். எதிர்காலத்தில் ஆம்புலன்ஸ் சேவையின் மெடிக்கல் டைரக்டர் ஆகும் ஆசை இருந்தாலும் அதற்கு வழி ரெசிடென்சி, பிறகு இ.எம்.எஸ். (ஆம்புலன்ஸ் அவசர சேவை) ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி. அந்தத் துணைச்சிறப்புக்கு 2010-லேயே அங்கீகாரம் கிடைத்தாயிற்று. இ.எம்.டி. அட்டை அதற்கு நிபந்தனை இல்லை.

விட்ட பிறகு மனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயமில்லாமல் முடிவெடுக்கலாம். ஏப்ரல் 30 வரை ஒரு சின்ன ஜன்னல் உண்டு: மணிகள் அனைத்தும் மார்ச் 31-க்குள் முடிந்திருந்து, விண்ணப்பம் மட்டும் தாமதம் என்றால் தாமதக் கட்டணம் கட்டி அனுப்பலாம். அதையும் தாண்டினால், இரண்டு வருஷத்துக்குள் புத்தாக்கப் பயிற்சி முடித்துத் தேர்வு எழுதித் திரும்பலாம். இரண்டு வருஷம் தாண்டி, கையில் மாநில லைசென்ஸும் இல்லையென்றால் முழு கோர்ஸ்தான், சுமார் 150 முதல் 190 மணி நேரம். அந்தக் கட்டத்தில் உங்களுக்கு அது தேவைப்படவே போவதில்லை.

29 மணி நேரம் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். சேரும் முன் கிடைக்கும் கடைசி கோடை அது. தூங்குங்கள்.

---

மேகமலை:

இருவருக்கும் நன்றி. புதுப்பிக்கும் பக்கம்தான் சாய்கிறேன். புது ஊரில் ஒரு தன்னார்வ ஆம்புலன்ஸ் குழு இருக்கிறது, மாதம் ஒரு 12 மணி நேர ஷிஃப்ட் போட்டால் போதும் என்கிறார்கள். அது சரிப்படுமா? இன்னொன்று: மணிகளுக்குப் பதிலாகத் தேர்வு எழுதியும் புதுப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டேன். அது சுலபமா?

---

தேனடை பதில்:

ஷிஃப்ட் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பள்ளியின் வெளிவேலை விதியைப் படியுங்கள். சில இடங்களில் டீன் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தன்னார்வம்தானே என்று விட்டுவிடக் கூடாது. பள்ளி தரும் மால்ப்ராக்டிஸ் (சிகிச்சைத் தவறு வழக்கு) காப்பீடு பள்ளி அனுப்பும் இடத்தில் நீங்கள் மாணவராகச் செய்வதற்கு மட்டும். ஆம்புலன்ஸில் செய்வதற்கு அந்தக் குழுவின் காப்பீடு இருக்க வேண்டும். சேரும் முன் "தன்னார்வலருக்கும் சேர்த்தா?" என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் தொப்பி மாறுவது. ஓர் உதாரணம். நெஞ்சுவலி என்று கூப்பிடுகிறார்கள், ஆள் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கிறார். இ.எம்.டி.யாக உங்கள் வேலை: ஒவ்வாமையும் ரத்தப்போக்கும் கேட்டுவிட்டு ஆஸ்பிரின் 81 மி.கி. மாத்திரை நான்கை மெல்லச் சொல்வது, நெறிமுறை அனுமதித்தால் 12-லீட் இ.சி.ஜி. எடுத்து அனுப்புவது, பாராமெடிக்கை (இ.எம்.டி.யைவிட மேல்நிலைப் பயிற்சி பெற்றவர்) வரவழைப்பது, கிளம்புவது. இதயப் பாடம் முடித்த கண்ணுக்கு இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. கோடு ஏறியிருப்பது, அதாவது மாரடைப்பின் அடையாளம், பளிச்சென்று தெரியும். ரேடியோவில் "இன்ஃபீரியர் எம்.ஐ., வலது வென்ட்ரிக்கிளும் பாதிக்கப்பட்டிருக்கலாம்" (இதயத்தின் அடிப்பக்க மாரடைப்பு, வலது கீழறையும் சேர்ந்து) என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். இயந்திரம் அச்சடித்த வரியைப் படியுங்கள், பி.பி.யைச் சொல்லுங்கள், படம் அனுப்பியாயிற்று என்று சொல்லுங்கள். பேஷன்ட் ரிப்போர்ட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது இ.எம்.டி. என்ற பட்டம். அந்த எல்லைக்கு வெளியே எழுதும் ஒவ்வொரு வரிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். படிப்பு கூடியிருக்கலாம், ஆனால் அனுமதி கூடவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வார்டில் மாணவராக நிற்கும்போது "நான் இ.எம்.டி., இதைச் செய்வேன்" என்று தானாகக் கை நீட்டக் கூடாது. அங்கே மேற்பார்வை மருத்துவர் சொன்னால் மட்டும்.

மாதம் ஒரு ஷிஃப்ட் முதலாண்டில் தாங்கும். இரவு ஷிஃப்ட் வேண்டாம், சனிக்கிழமை பகல் கேளுங்கள். பரீட்சைக்கு முந்தைய வாரம் ஷிஃப்டை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள குழுவா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. ஸ்டெப் 1 (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டம்) படிப்புக் காலம் தொடங்கும்போது விடுப்பு வாங்கிவிடுங்கள். அது 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி/தோல்வி மட்டும் என்பதால் லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், தோல்வி விழுந்தால் அது விண்ணப்பத்தில் நிற்கும்.

---

ஸ்ட்ரெச்சர்சக்கரம் பதில்:

தேர்வு வழி: சான்றிதழ் முடியும் கடைசி ஆறு மாதத்துக்குள் எழுதலாம். கட்டணம் நூறு டாலர் சொச்சம். ஒரு முறைதான் வாய்ப்பு. தவறினால் மறுபடி 40 மணி வழிக்குத்தான் வர வேண்டும், அதற்குள் காலம் கரைந்திருக்கும். எழுதுவதாக இருந்தால் அக்டோபர் கடைசியிலேயே எழுதிவிடுங்கள், மார்ச்சுக்குத் தள்ளாதீர்கள். தேறியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, புதுப்பிப்பு விண்ணப்பத்தை அனுப்ப மறப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டும்.

சுலபமா என்றால், கேள்விகள் 70 முதல் 120 வரை, 2 மணி நேரம், பதிலுக்கேற்பக் கேள்வி மாறும் கம்ப்யூட்டர் தேர்வு. மெட் மாணவர்கள் இதில் சறுக்கக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. மருத்துவராக யோசிப்பதுதான். நினைவிழந்த சர்க்கரை நோயாளி, குளுக்கோமீட்டர் 38 காட்டுகிறது (மிகவும் குறைவு), அடுத்து என்ன? கை ஐ.வி. டெக்ஸ்ட்ரோஸை (நரம்பு வழி ஏற்றும் சர்க்கரை) தேடும். இ.எம்.டி.க்கு அது கிடையாது. விழுங்க முடியாதவருக்கு வாய்வழி குளுக்கோஸும் கூடாது. மூச்சுப்பாதையைக் காத்து, பாராமெடிக்கைக் கூப்பிடுவதுதான் விடை. நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லி அந்தத் தேர்வு கேட்பதில்லை, அடுத்த நிமிடம் கை என்ன செய்யும் என்று கேட்கிறது. இடம் பாதுகாப்பானதா என்ற கேள்வியை மெட் ஸ்கூல் ஒரே மாதத்தில் மறக்கடித்துவிடும்.

உங்கள் நிலைமைக்கு 11 மணி ஏற்கெனவே இருப்பதால் மணி வழியே நல்லது. ஜூலைக்குள் மணிகளை முடித்து, அந்தத் தன்னார்வக் குழுவிலும் சேர்ந்துவிட்டால் அவர்களுடைய ட்ரெயினிங் ஆபீசரே கையெழுத்திடுவார், இன்ஆக்டிவ் தேவைப்படாது. புது மாநில லைசென்ஸுக்கு ஜூலையிலேயே விண்ணப்பியுங்கள். கைரேகை, பின்னணிச் சோதனை என்று இழுக்கும்.

புளிக்குழம்பு சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பயன் விண்ணப்பத்தில் இல்லை, கையில் இருக்கிறது. பேக்-மாஸ்க் (பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் கருவி) பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைச் சுற்றி ஒரு வளையம், மீதி மூன்று விரல் தாடை எலும்பின் மேல், சதையின் மேல் அல்ல. மாஸ்க்கை முகத்தில் அழுத்தக் கூடாது, தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும். நாடித்துடிப்பு உள்ள பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு, நெஞ்சு எழும் அளவு மட்டும். பதற்றத்தில் எல்லாரும் வேகமாக அமுக்குவார்கள், காற்று வயிற்றுக்குப் போகும், வாந்தி வரும், உறிஞ்ச ஆள் தேட வேண்டிவரும். இரண்டு வருஷம் தொடாவிட்டால் இந்த விரல்கள் மறந்துவிடும், ஸ்லைடு பார்த்து திரும்ப வராது.

---

புளிக்குழம்பு:

அதற்கு மயக்கவியல் ரொட்டேஷனில் இரண்டு வாரம் போதும் :) சரி, அவர் ஷிஃப்ட் போடப் போகிறார் என்றால் என் வாதத்தில் பாதி போயிற்று. ஷிஃப்ட் போடாமல் அட்டையை மட்டும் காப்பாற்றுவதைத்தான் வேண்டாம் என்றேன்.

---

கறிவேப்பிலை பதில்:

விட்டுப்போன ஒன்று. எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. நியூயார்க்கில் ஹாஃப்ஸ்ட்ரா-நார்த்வெல்லின் ஸக்கர் பள்ளியும், சவுத் கரோலினாவில் கிரீன்வில் பள்ளியும் முதலாண்டு மாணவர்களுக்கு இ.எம்.டி. பயிற்சியைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கின்றன. அப்படி ஒரு இடமென்றால், பழைய சான்றிதழ் உள்ளவர்களை என்ன செய்கிறார்கள் என்று மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.

---

மேகமலை:

அந்த இரண்டும் இல்லை. தேசியப் பகுதியில் 6 மணிதான் விழுந்திருக்கிறது, இன்று பார்த்தேன். மீதி 14 மணியை ஜூன் முடிவதற்குள் முடிக்கிறேன். பி.எல்.எஸ். (சி.பி.ஆர். முதலான அடிப்படை உயிர்காப்பு) அட்டை 2026 டிசம்பரில் முடிகிறது, பள்ளி ஆகஸ்டில் கேட்கிறது. செல்லும் அட்டைதானே, அப்படியே கொடுக்கலாமா?

---

தேனடை:

கொடுக்கலாம், ஆனால் டிசம்பரில் பரீட்சை வாரத்தில் மின்னஞ்சல் வந்து நிற்கும். ஜூலையில் உங்கள் ஏஜென்சியிலேயே இலவசமாக எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். புது அட்டை இரண்டு வருஷத்துக்கு, 2028 ஜூலை வரை ஓடும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் 'பி.எல்.எஸ். ப்ரொவைடர்' அட்டையாக இருக்கட்டும், பொதுமக்களுக்கான சி.பி.ஆர். அட்டையைப் பள்ளி திருப்பி அனுப்பும்.