புதுப்பிப்பு: பழம்பொருள் சந்தையில் கடை போட்டாயிற்று

வார இறுதிப் பழம்பொருள் சந்தையில் முதல்முறையாகக் கடை போடப்போகிறேன், பித்தளைச் சாமான்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தொடாதே என்றுதான் பெரும்பாலானவர்கள் சொன்னீர்கள். சொன்னபடியே விட்டுவிட்டேன், ஒரு மைக்கூட்டைத் தவிர. அதை மட்டும் கை சும்மா இருக்காமல் தேய்த்துவிட்டேன்.

வந்த பெரியவர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தம் எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். என் விளக்குத்தண்டு ஒன்றில் டக்கென்று ஒட்டியது! பித்தளை என்று நம்பித்தான் வாங்கியிருந்தேன். உடனே அதன் விலைச்சீட்டை மாற்றி எழுதினேன். கறுத்துப்போன தட்டை அவரே வாங்கிக்கொண்டார். மைக்கூட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கே" என்று கீழே வைத்துவிட்டார். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பேக்கலைட் வளையல்கள் மதியத்துக்குள் தீர்ந்தன. 1907இல் கண்டுபிடித்த பிளாஸ்டிக் அது. விரலால் சூடேறத் தேய்த்தால் மருந்து நெடி வரும் என்று காட்டியதும் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் முகர்ந்து பார்த்தார்கள், பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், அப்புறம் வாங்கினார்கள்.

விலைச்சீட்டு எல்லாவற்றிலும் ஒட்டியது நல்லதாகப் போயிற்று. சீட்டு விழுந்துபோன இரண்டு பொருளை யாரும் கேட்கவே இல்லை. சில்லறை மட்டும் பத்து மணிக்கே காலி.

அடுத்த முறை காந்தத்தை நானே எடுத்துப் போகிறேன், வாங்கும்போதே.