26 வயசுக்கு எந்த இதய வால்வு? எத்தனை வருஷம் தாங்கும்?

பொன்னமராவதியான்:
தங்கச்சிக்கு 26 வயசு. ஸ்கூல்ல படிக்கும்போது மூட்டு வீங்கி காய்ச்சல் வந்துச்சு, அது ருமாட்டிக் காய்ச்சல்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. அதுல இதயத்துல மிட்ரல்ங்கிற வால்வு கெட்டுப்போச்சு. ஏழு வருஷமா 21 நாளைக்கு ஒரு பெனிசிலின் ஊசி. இப்ப எக்கோ பாத்துட்டு, சுருக்கமும் இருக்கு, ஒழுகலும் இருக்கு, சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, பலூன் விட்டு விரிக்கவும் ஆகாது ரிப்பேரும் ஆகாது, மாத்தித்தான் ஆகணும்னுட்டாங்க. மெக்கானிக்கலா (செயற்கைத் தட்டு வச்சது), டிஷ்யூவான்னு (விலங்குத் திசுல செஞ்சது) வீட்ல பேசிட்டு வாங்கன்னு பத்து நாள் கொடுத்திருக்காங்க. எது ரொம்ப நாள் தாங்கும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

டிக்டிக் மாரி:
தம்பி, யோசிக்கவே வேணாம். மெக்கானிக்கல். 1999-ல என் 25 வயசுல மிட்ரல்ல நம்ம நாட்டுலயே செஞ்ச சித்ரா வால்வு வச்சாங்க. ராத்திரி கரண்ட் போயி ஃபேன் நின்னா டிக் டிக்னு கேக்கும். என் வீட்டுக்காரிக்கு அந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வராது. இதயம் ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்குது. வருஷத்துக்கு மூணரைக் கோடிக்கு மேல. இத்தனை வருஷத்துக்கு நீயே பெருக்கிப் பாரு, 90 கோடி தாண்டிடுச்சு. தட்டு தேயல, உடையல. டிஷ்யூ வச்சிருந்தா இதுக்குள்ள ரெண்டு தடவை நெஞ்சைப் பிளந்திருப்பாங்க.

கோவை நிலா:
வால்வு தாங்கும். ஆளு தாங்கணுமே?

எங்கப்பாவுக்கும் மெக்கானிக்கல்தான், இதயத்துல அயோர்டிக்ங்கிற இன்னொரு வால்வு இடத்துல. வால்வுல ரத்தம் கட்டாம இருக்க எட்டு வருஷம் ஒழுங்கா ஆசிட்ரோம் மாத்திரை போட்டாரு. ஒரு தடவை வயித்துப்போக்குன்னு கடையில மெட்ரோனிடசோல் வாங்கி அஞ்சு நாள் சாப்பிட்டாரு. அந்த மாத்திரை ரத்தத்தை இன்னும் நீர்க்க வைக்கும்னு கடைக்காரரும் சொல்லல, எங்களுக்கும் தெரியல. மூளையில ரத்தக்கசிவு. அவரோட கடைசி எக்கோ ரிப்போர்ட்ல வால்வு நார்மல்னுதான் போட்டிருக்கு. அந்தத் தாளை இன்னும் வச்சிருக்கேன்.

டிக்டிக் மாரி:
அப்பாவுக்கு நடந்ததுக்கு வருத்தம்மா. ஆனா அது வால்வோட தப்பு இல்லியே. எந்த மாத்திரை எழுதினாலும் "நான் ஆசிட்ரோம் ஆளு"ன்னு முதல்ல சொல்லிடணும். நான் மாசாமாசம் ஐ.என்.ஆர் (ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்குன்னு காட்டுற டெஸ்ட்) பாத்து நோட்டுல எழுதி வைக்கிறேன். ஏழாவது நோட்டு ஓடுது. கீரையும் மாத்திரையோட வேலையை மாத்தும், அதனால அது கூட ஒரே அளவாத்தான் சாப்பிடுவேன்.

பம்புக்காரர்:
இருபத்தெட்டு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் ஹார்ட்-லங் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன். ரெண்டு பேருக்கும் ஒரு திருத்தம்.

"மெக்கானிக்கல் உடையாது" என்று மாரி சொல்வது இன்றைய வால்வுகளுக்குச் சரி. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1979 முதல் 1986 வரை பியார்க்-ஷைலி கான்வெக்ஸோ-கான்கேவ் என்று ஒரு வால்வு விற்றார்கள். சுமார் 86,000 பேருக்கு வைத்தார்கள். தட்டைப் பிடித்திருக்கும் கம்பி, பற்றவைத்த இடத்தில் முறிந்து, தட்டு கழன்று ஓடியது. அறுநூறுக்கும் மேல் அப்படி முறிந்தன, பெரும்பாலும் உயிர் போயிற்று. நம்ம சித்ரா வால்வு முதல் முயற்சியிலேயே வந்துவிடவில்லை. திருவனந்தபுரத்தில் இதய சர்ஜன் வலியத்தான் தலைமையில் செய்த முதல் மூன்று மாடல்களும் சோதனையில் தோற்றன. ஒன்றில் பற்றவைத்த கம்பி, ஒன்றில் தேய்மானம், ஒன்றில் செம்மறி ஆட்டுக்குள் நீலக்கல் தட்டே உடைந்தது. நாலாவதில்தான் கெட்டியான பாலிஎத்திலீன் தட்டுக்கு வந்தார்கள். 1990 டிசம்பர் 6-இல் முதல் ஆளுக்கு வைத்தார்கள். பிறகு லட்சத்துக்கும் மேல். மாரி நெஞ்சில் டிக் டிக் என்பது அந்த நாலாவது.

இனி டிஷ்யூ. அது மாட்டு இதய உறை அல்லது பன்றி வால்வு. குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பதப்படுத்தியது. உயிர் இல்லாத தோல், தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளாது. சுண்ணாம்பு படிந்து விறைக்கும், ஓரம் கிழியும். எழுபது வயதில் வைத்தால் பெரும்பாலும் ஆளோடு போய்விடும். இருபத்தாறில் வைத்தால் சுண்ணாம்பு மளமளவென்று ஏறும். அதிலும் மிட்ரலில் மூடும்போது விழுகிற அழுத்தம் அதிகம் என்பதால் அயோர்டிக்கைவிடச் சீக்கிரம் போகும். "பத்துப் பதினைஞ்சு வருஷம்" என்று பொதுவாகச் சொல்வது நடுவயதைத் தாண்டியவர்களின் கணக்கு. இந்தப் பெண்ணுக்கு அதை அப்படியே சொல்லாதீர்கள்.

கோவை நிலா:
சார், இப்ப அதுக்கும் வழி இருக்கே. டிஷ்யூ கெட்டா தொடை வழியா குழாய் விட்டு, பழைய வால்வுக்குள்ளயே புதுசை விரிச்சிடுறாங்க. நெஞ்சைத் திறக்கவே வேணாம். 2002-ல பிரான்ஸ்ல டாக்டர் கிரிபியே முதல் தடவை மனுஷனுக்கு அயோர்டிக் வால்வைக் குழாய் வழியா வச்சாரு. அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. இந்தப் பொண்ணுக்கு நாப்பது வயசு ஆகும்போது என்னென்ன வந்திருக்குமோ!

பம்புக்காரர்:
டம்ளருக்குள் டம்ளர். ஒவ்வொரு தடவையும் வாய் குறுகும். முதலில் வைத்ததே சின்ன சைஸ் என்றால் உள்ளே ஒன்று வைக்கலாம், மூன்றாவதுக்கு இடம் ஏது? வராத தொழில்நுட்பத்தை நம்பி இன்றைக்குக் கடன் வாங்குவது மாதிரி. சில சமயம் பலிக்கும்.

டிக்டிக் மாரி:
அதான் நானும் சொல்றேன். 2017-ல கலிஃபோர்னியாவுல பெரிய ஆய்வு வந்துச்சு. மிட்ரல்னா 70 வயசு வரைக்கும், அயோர்டிக்னா 55 வரைக்கும் மெக்கானிக்கல் வச்சவங்கதான் அதிக நாள் இருந்திருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

கோவை நிலா:
கலிஃபோர்னியா, அண்ணா. பொன்னமராவதி இல்ல. அங்க கூப்பிட்டா ஐ.என்.ஆர் கிளினிக். இங்க லேபுக்கு பஸ் ஏறணும், ரிசல்ட்டுக்கு மறுநாள், டோஸ் மாத்தச் சொல்ல டாக்டர் கிடைக்கணும். உங்க நோட்டு மாதிரி எத்தனை பேர் எழுதி வைக்கிறாங்க? மாத்திரையை விட்டுட்டு வால்வு அடைச்சு நடுராத்திரி வந்த கேஸ் எத்தனைன்னு பம்புக்கார சார்கிட்டயே கேளுங்க.

பம்புக்காரர்:
நிறைய. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தியவர்கள்தான் அதிகம். மிட்ரலில் ரத்தம் மெதுவாக ஓடும், அதனால் ரத்தக்கட்டியும் சீக்கிரம் பிடிக்கும். ஐ.என்.ஆர் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். டெஸ்ட் தேவைப்படாத புது மாத்திரைகளும் இதற்கு உதவாது. அவற்றில் ஒன்றான டாபிகேட்ரானை மெக்கானிக்கல் வால்வுக்காரர்களிடம் சோதித்தபோது கட்டியும் கூடியது, கசிவும் கூடியது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். இதில் நிலா பக்கம்தான் நான்.

ஒருவேளை வெளியூர்க்காரி:
வணக்கம். அந்தத் தங்கச்சி நான்தான். அண்ணன் போனை வச்சுட்டுக் குளிக்கப் போயிருக்கு, எல்லாத்தையும் படிச்சேன். அவன் எழுதாம விட்டது ஒண்ணு. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம். குழந்தை வேணும். எது எத்தனை வருஷம் தாங்கும்னு எல்லாரும் பேசுறீங்க, அந்த ஒன்பது மாசத்தை எது தாங்கும்னு யாராவது சொல்லுங்களேன்.

பம்புக்காரர்:
அம்மா, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ரத்தம் நீர்க்கும் மாத்திரைகளான வார்ஃபரின், ஆசிட்ரோம் ரெண்டும் முதல் மூன்று மாதத்தில் பிள்ளையைப் பாதிக்கலாம். வார்ஃபரின் நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் ஆபத்து கூடும். மாத்திரையை நிறுத்தி, அதே வேலைக்கான ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் பிள்ளைக்கு நல்லது, ஆனால் உங்கள் வால்வில் கட்டி பிடிக்கும் அபாயம் ஏறும். எத்தனை மில்லிகிராம் உங்களுக்குத் தேவைப்படும் என்பது வால்வு வைத்த பிறகுதான் தெரியும். டிஷ்யூ என்றால் முதல் சில மாதம் தவிர இந்தச் சிக்கல் இல்லை. அதற்கு விலை, இன்னொரு ஆபரேஷன் நிச்சயம், அதுவும் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதில் வரலாம்.

ஒன்று கேளுங்கள், இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (துடிப்பு தாறுமாறாகும் கோளாறு) வந்திருந்தால் டிஷ்யூ வைத்தாலும் ரத்தம் நீர்க்கும் மாத்திரையை விட முடியாது. அப்போது டிஷ்யூவின் பெரிய லாபமே போய்விடும்.

ஒருவேளை வெளியூர்க்காரி:
துடிப்பு ஒழுங்காத்தான் இருக்குன்னு இ.சி.ஜி.ல போட்டிருக்கு. டாக்டர்கிட்ட மறுபடி கேக்குறேன்.

டிக்டிக் மாரி:
தங்கச்சி, நான் ஆம்பளை. 1999-ல என்கிட்ட யாரும் இதைக் கேக்கல, எனக்கும் தோணல. இதுல பம்புக்கார சார் சொல்றதை ஒத்துக்கிறேன். ஆனாலும் மறு ஆபரேஷனைச் சின்னதா நினைக்காதீங்க. முதல் தடவை திறந்த இடம் ஒட்டிக்கிட்டு இருக்கும், எலும்புக்கு அடியிலேயே இதயம் இருக்கும். எங்க வார்டுல ரெண்டாவது தடவை வந்தவங்க முகத்தை நான் பாத்திருக்கேன்.

பொன்னமராவதியான்:
மேல எழுதினது தங்கச்சிதான். பேரு வச்சுக்கிட்டதைப் பாருங்க! மாரி அண்ணா, நீங்க புதுக்கோட்டைப் பக்கம் வருவீங்களா? தங்கச்சிக்கு உங்க டிக் டிக்கை ஒரு தடவை நேர்ல கேக்கணுமாம்.

டிக்டிக் மாரி:
ஞாயித்துக்கிழமை வர்றேன்.

கோவை நிலா:
அண்ணா, அந்த ஏழு நோட்டையும் எடுத்துட்டுப் போங்க.