விசிட் விசாவில் போய் வேலை தேடலாமா?

கடையநல்லூரான்:
என் மருமகன் (தங்கை மகன்) எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தென்காசியில் ஏ.சி. மெக்கானிக் வேலை கற்றவன். 60 நாள் விசிட் விசாவில் துபாய்க்குப் போய்விட்டால் அங்கேயே வேலை விசாவாக மாற்றிவிடலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கேட்கிறார். பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசின் அனுமதி தேவைப்படும் வகை). அனுப்பலாமா?

பேட்டைக்காரன்:
அண்ணாச்சி, தயங்காமல் அனுப்புங்கள். நானும் விசிட்டில் போனவன்தான். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு, நேரில் நின்று கைவேலையைக் காட்டினால்தான் மதிப்பு. வேலை கிடைத்ததும் நாட்டை விட்டு வெளியேறாமலேயே விசாவை மாற்றிக்கொள்ள அமீரகத்தில் வழி இருக்கிறது.

ஏர்வாடி வாசகன்:
மாற்றிக்கொள்ளலாம் என்பது சரி. ஆனால் வேலை பார்ப்பதற்கான பெர்மிட் கைக்கு வரும்வரை ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது என்பதை நீங்கள் சொல்லவில்லை. 2024-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் உண்டு என்பதால், "முதலில் வேலையைப் பார், விசாவைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்பவர் எப்படிப்பட்ட முதலாளி என்று யோசியுங்கள். விசா முடிந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் பையன் தலையில் விழும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர் அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் கிளியரன்ஸ் (அரசின் அனுமதி) வாங்க வேண்டும். சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு அது தேவையில்லை. ஏஜென்ட் நுழைவது அந்தச் சந்தில்தான். கிளியரன்ஸோடு போனால் ஒப்பந்தம் இ-மைகிரேட் என்ற இந்திய அரசின் இணையதளத்தில் பதிவாகும், இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் காப்பீடும் கிடைக்கும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமும் 30,000 ரூபாயும் வரியும்தான்.

பேட்டைக்காரன்:
அந்த 30,000 ரூபாய்க்கு அனுப்பி வைக்கும் ஒருவரை மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ காட்டுங்கள், நானே என் தம்பியை அனுப்புகிறேன். வேலை தேடுவதற்கென்றே 60, 90, 120 நாள் விசாக்களை அமீரகம் தருகிறது. ஆனால் அதற்குப் பட்டம் வேண்டும். பட்டதாரிக்கு வாசலைத் திறந்துவிட்டு, மெக்கானிக்கை மட்டும் ஊரிலேயே காத்திரு என்பது என்ன நியாயம்?

ஏர்வாடி வாசகன்:
நியாயம் இல்லைதான். ஆனாலும் என் மைத்துனர் விசிட்டில் போய் நாற்பது நாள் வேலை பார்த்தும், கையில் ஒப்பந்தம் இல்லாததால் கூலி கேட்கக்கூட முடியாமல் திரும்பினார். அண்ணாச்சி, ஏஜென்டிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், இ-மைகிரேட்டில் சரிபார்க்கலாம். பையன் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினால், ஈ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட்டே வாங்கிவிடலாம்.

கடையநல்லூரான்:
பதிவு எண்ணைக் கேட்டேன். "நமக்குள் அதெல்லாம் எதற்கு அண்ணாச்சி?" என்றார். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். மருமகன்தான் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.