அடாப்டிவ் ரீயூஸ்: ‘மறுபயன்பாடு’ போதுமா?

பழைய கட்டடத்தை இடிக்காமல் வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவதை ஆங்கிலத்தில் ‘அடாப்டிவ் ரீயூஸ்’ என்பார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லும் விளக்கக் குறிப்பும் தேடிய உரையாடல் இது. கேள்விகளுக்குக் கீழே உள்ள பதில்களை எழுதியவர்களின் ஊர் ஒவ்வொன்றின் முடிவில் உள்ளது.

> ‘தகவமைப்பு மறுபயன்பாடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் விளங்குகிறதே.

ஐயா, விளங்குகிறது, ஆனால் வேறொன்றாக விளங்குகிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு திண்ணை வீட்டை இடித்து, தேக்குத் தூணையும் நிலையையும் பிரித்து விற்றால் அதுவும் மறுபயன்பாடுதான். தூண் எங்கோ ஒரு ரிசார்ட்டில் நிற்கும். தெருவுக்குப் பல் விழுந்த வாய்தான் மிச்சம். கட்டடம் நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளே நடக்கும் வேலை மட்டும் மாற வேண்டும். கூடத்தில் கொலுசுப் பட்டறை வருவதுபோல.

‘புதுப்பித்தல்’ இன்னும் ஆபத்து. வேலை ஆணையில் அந்தச் சொல்லைக் கண்டால் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு 1:4 சிமென்ட் பூசிவிடுவார்கள். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு வழியே அது ஆவியாகிப் போகும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் சுவரில் மேலே ஏறும், பூச்சுக்குப் பின்னால் உப்பு பூக்கும், சில மழைக்காலங்களில் பூச்சு பாளமாகக் கழலும், செங்கல் மாவாக உதிரும். நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 3 என்று கலந்து மெல்லிசாக இரண்டு மூன்று கை பூசி, ஈரச்சாக்கு கட்டி ஒரு வாரமாவது மெதுவாக இறுகவிட வேண்டும். இதற்குச் ‘செப்பனிடல்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

— சேலம்

> அப்படியானால் ‘பயன்மாற்றம்’?

அந்தச் சொல்லில் வேறு ஆள் குடியிருக்கிறார். விளைநிலத்தை மனையாக்குவதற்கு நகர ஊரமைப்புக் கோப்புகளில் ‘நிலப் பயன்மாற்றம்’ என்றுதான் எழுதுகிறோம். வரலாற்றுக் கட்டடங்களுக்கான அமெரிக்க வழிகாட்டுதலில் பேணல், மூலநிலைக்கு மீட்டல், மறுகட்டுமானம் ஆகியவற்றோடு நான்காவதாக வருவது ‘ரீஹாபிலிடேஷன்’, அதாவது பழைய கட்டடத்தைப் புதுப் பயனுக்கு ஏற்பச் சீரமைப்பது. அதை ‘மறுவாழ்வு’ என்றால் கட்டடம் குடியை நிறுத்தியது போலிருக்கும்!

என் பரிந்துரை: புதுப்புழக்கம். ‘ஆள் புழங்காத வீடு’ என்பது எல்லார் வாயிலும் உள்ள பேச்சு. ஏற்காட்டுப் பங்களாக்களில் ஓர் ஓடு நழுவினால், ஆள் இருக்கும் வீட்டில் அன்றே மாற்றிவிடுவார்கள். இல்லாத வீட்டில் அதே ஓட்டை வழியே தண்ணீர் கூரையின் மரச்சட்டத்தில் இறங்கி, சட்டத்தின் சுவரோரத் தலை உளுத்து, கரையான் ஏறி, கடைசியில் கூரையே உட்காரும்.

‘மறுபுழக்கம்’ வேண்டாம், பழைய வேலையே திரும்பி வந்ததாகிவிடும்.

— ஏற்காடு

அம்மா, ‘புதுப்புழக்கம்’ எனக்குச் சம்மதம். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘புதுப்புழக்கத்துக்குக் கொண்டுவருதல்’, ‘புதுப்புழக்கக் கட்டடம்’. நாக்கு இடறவில்லை. ஆனால் விளக்கக் குறிப்பில் பாரத்தையும் சேர்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி வீட்டுத் தளத்துக்குப் பயன்பாட்டுச் சுமை, அதாவது ஆளும் பொருளும் ஏற்றும் பாரம், சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், சில்லறைக் கடைக்கு 4. அதாவது மாடி அறையைக் கடையாக்கினால் கணக்கு இரட்டிப்பாகிறது. மர உத்திரங்கள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது சுவருக்குள் புதைந்த உத்திரத் தலை. வெளியே தெரியும் பகுதி திடமாக இருந்தாலும் உள்ளே உளுத்திருக்கும்.

சொல்லின் எல்லையையும் சொல்லிவிடலாம். ஏற்காடு சாலையில் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்படக்கூடம் போய்விட்டது, முகப்பு வளைவு நிற்கிறது. அது பேணல், உள்ளே புழங்க ஒன்றும் இல்லாததால் புதுப்புழக்கம் ஆகாது. அமெரிக்காவில் சான்று பெற்ற வரலாற்றுக் கட்டடத்தைச் சீரமைத்தால் செலவில் 20 விழுக்காடு கூட்டாட்சி வரிச்சலுகை உண்டு. அதுவும் வருமானம் தரும் கட்டடத்துக்கே. சொந்தக் குடியிருப்புக்குக் கிடையாது. அங்கேயும் புழக்கம்தான் அளவுகோல்.

களையிழந்த ஊர்ப்பகுதிக்கு மீண்டும் உயிரூட்டும் ‘கம்யூனிட்டி ரிவைட்டலைசேஷன்’ பற்றி ஒரு வரி. ‘சமூகப் புத்துயிர்ப்பு’ என்று பலகை வைத்தால் எந்தச் சமூகம் என்று கேட்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் சாதி. ‘ஊர்த்தழைப்பு’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

— சேலம்