மார்க் ஷட்டில்வொர்த்: விண்வெளி வீரரா, பணம் கட்டிய பயணியா?

கேள்வி (பதிந்தவர்: முனையச்சாளரம்)

உபுண்டு என்னும் கணினி இயங்குதளத்தை நெடுநாளாகப் பயன்படுத்துகிறேன். அதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த், அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, தம்முடைய 28ஆம் வயதில், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்று திரும்பியவர் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது, சிலர் அவரை ஆப்பிரிக்காவின் முதல் விண்வெளி வீரர் என்று போற்றுகிறார்கள். வேறு சிலர் ஏறத்தாழ 2 கோடி டாலர் கட்டி இருக்கை வாங்கிய சுற்றுலாப் பயணி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இவற்றில் எது பொருத்தம்? அந்த வயதில் அவ்வளவு பணம் அவருக்கு எவ்வாறு வந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (சாவிக்கொத்து)

பணம் வந்த வழியை மட்டும் சொல்கிறேன். 1973இல் தென்னாப்பிரிக்காவின் வெல்கம் என்னும் சுரங்க நகரில் பிறந்து கேப்டவுனில் வளர்ந்தவர் அவர். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1995இல், பெற்றோர் வீட்டின் கார் கொட்டகையில் 'தாட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஓர் இணையதளம் தான் சொல்லிக்கொள்ளும் தளம்தானா என்று உலாவி சரிபார்ப்பதற்கு, நம்பத்தக்க மூன்றாம் தரப்பு ஒன்று கையொப்பமிட்ட மின்னணுச் சான்றிதழ் தேவை. அந்தக் கையொப்பத்தை இடுவதே தாட் செய்த தொழில்.

இத்தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நிறுவனத்தின் மூலச் சான்றிதழை (அது தரும் மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையானதை) உலாவி தயாரிப்பவர்கள் ஏற்று உள்ளே வைத்துவிட்டால், நிறுவனம் உலகின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பற்றி வாடிக்கையாளருக்குக் கவலையில்லை. மேலும், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் வலுவான குறியாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்வதற்கு அமெரிக்கா அப்போது கடுமையான கட்டுப்பாடு விதித்திருந்தது. அதனால் அந்நாட்டுக்கு வெளியே இருந்த ஒரு நிறுவனத்துக்கு இடம் காலியாகவே கிடந்தது. 1999 டிசம்பரில் அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம் தாட்டை ஏறத்தாழ 57.5 கோடி டாலர் மதிப்புக்கு வாங்க ஒப்புக்கொண்டது. இணைய நிறுவனங்களின் பங்கு விலை உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கியது 2000 மார்ச்சில் என்பதை நினைத்தால், திறமையோடு காலமும் அவருக்குத் துணைநின்றது என்றே சொல்ல வேண்டும். அந்த விற்பனையின்போது துப்புரவுப் பணியாளர் உட்பட ஊழியர் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) கொடுத்தார் என்பதையும் விட்டுவிடக் கூடாது.

மறுமொழி 2 (சுற்றுப்பாதை)

பயணத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்வதற்கு முன், அந்த இருக்கை விற்பனைக்கு வந்த காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நிலையத்தில் தங்கியிருப்பவர்கள் ஆபத்து நேர்ந்தால் தப்பி வருவதற்காக அங்கே அப்போது எந்நேரமும் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலம் ஒன்று இணைந்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன் இறங்குகலத்தைத் திருப்பும் உந்திகள் ஹைட்ரஜன் பெராக்சைடில் இயங்குபவை; அந்த நீர்மம் நாளடைவில் தானாகவே சிதைவதால், ஒரு கலத்தைச் சுமார் 200 நாள்களுக்கு மேல் மேலே விட்டுவைக்க இயலாது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய கலத்தை ஓட்டிச் சென்று அங்கே விட்டுவிட்டு, பழைய கலத்தில் திரும்ப வேண்டியிருந்தது. இந்த மாற்றுப் பயணத்துக்கு மூன்றாவது ஆள் கட்டாயமில்லை. பணத் தட்டுப்பாட்டில் இருந்த ரஷ்ய விண்வெளித் துறை அந்த இடத்தை விற்றது. கலம் எப்படியும் புறப்பட்டிருக்கும் என்பதால், ஒரு செல்வரின் ஆசைக்காகத் தனியாக ராக்கெட் ஏவப்பட்டது என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது.

2001இல் அமெரிக்கச் செல்வர் டென்னிஸ் டிட்டோ முதன்முதலாக இவ்வாறு சென்றபோது நாசா வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தச் சச்சரவுக்குப் பிறகு, நிலையத்தின் பங்காளி நாடுகள் 2002 தொடக்கத்தில் யார் வரலாம், என்ன பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதிகளை வகுத்தன. அந்த விதிகளின்படி இத்தகையவர் 'விண்பயணப் பங்கேற்பாளர்' எனப்படுகிறார். தாங்கள் கேட்ட இரண்டு பெயர்களுக்கும் நடுவில் உள்ள இதுவே முறையான பெயர்.

ஷட்டில்வொர்த் ஏறத்தாழ ஓராண்டைப் பயிற்சிக்கு ஒதுக்கினார். அதில் பெரும்பகுதி மாஸ்கோவுக்கு அருகில் விண்வெளி வீரர் பயிற்சி மையம் உள்ள நட்சத்திர நகரில் கழிந்தது. சோயுஸின் கருவிப் பலகையும் கட்டளைகளும் ரஷ்ய மொழியில் இருப்பதால் அம்மொழியைக் கற்றார். 2002 ஏப்ரல் 25 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து, தளபதி யூரி கித்சென்கோ, இத்தாலியரான ரொபெர்ட்டோ விட்டோரி ஆகியோருடன் சோயுஸ் டிஎம்-34 கலத்தில் புறப்பட்டார். நிலையத்தை அடைய இரண்டு நாள் ஆனது. அங்கே எட்டு நாள் தங்கி, மே 5 அன்று பழைய டிஎம்-33 கலத்தில் கசக்ஸ்தான் புல்வெளியில் இறங்கினார்.

நிலையத்தில் அவர் சாளரத்தோரம் அமர்ந்து பொழுதைக் கழிக்கவில்லை. எய்ட்ஸ் நோய் தென்னாப்பிரிக்காவை வாட்டிய காலம் அது. எச்.ஐ.வி. தொடர்பான புரதங்களை எடையின்மையில் படிகமாக்கும் சோதனையையும், ஸ்டெம் செல் சோதனையையும் தம் நாட்டு அறிவியலாளர்களுக்காகக் கொண்டுசென்றார். எடையின்மையில் கரைசலுக்குள் வெப்பச் சுழற்சியும் படிவு இறங்குதலும் அடங்கிவிடுவதால், படிகங்கள் ஒழுங்காக வளரும் வாய்ப்பு கூடுகிறது. ஆயினும் எட்டு நாள் சோதனைகளை வைத்து இப்பயணத்தை அறிவியல் சாதனை என்று உயர்த்துவது மிகை என்பதே என் கருத்து. அதைவிட, மேலிருந்து வானொலியில் நெல்சன் மண்டேலாவுடன் அவர் பேசியதைத் தென்னாப்பிரிக்கா முழுதும் கேட்டதும், திரும்பிய பின் பள்ளிகளில் கணிதம், அறிவியல் குறித்து அவர் பேசியதும் அதிகப் பயன் தந்திருக்கும்.

மறுமொழி 3 (அடிக்குறிப்பு)

'ஆப்பிரிக்காவின் முதல் விண்வெளி வீரர்' என்பதில் ஒரு சிறு திருத்தம். கேமரூனில் பிறந்த பாட்ரிக் போத்ரி 1985லேயே அமெரிக்க விண்வெளி ஓடத்தில் சென்றுவிட்டார். ஆனால் அவர் பிரான்சின் குடிமகனாகச் சென்றவர். எனவே 'ஆப்பிரிக்க நாடொன்றின் குடியுரிமையோடு சென்ற முதல் மனிதர்' என்று ஷட்டில்வொர்த்தைக் குறிப்பிடுவதே பிழையற்றது.

மறுமொழி 4 (முனையச்சாளரம்)

மூவருக்கும் நன்றி. காலியாக இருந்த இருக்கை என்ற விளக்கம் என் பார்வையை மாற்றிவிட்டது. ஆனால் இன்னொன்று உறுத்துகிறது. நாட்டின் பெருமை என்று கொண்டாடப்பட்டவர் பின்னர் அந்நாட்டையே நீதிமன்றத்துக்கு இழுத்தார் என்று படித்தேன். அது உண்மையா?

மறுமொழி 5 (தீர்ப்புரை)

உண்மைதான், ஆயினும் 'இழுத்தார்' என்ற சொல் சற்றே கடுமையாகப் படுகிறது. விண்வெளிக்குச் செல்வதற்கு முன்பே, 2001இல், அவர் தென்னாப்பிரிக்காவை விட்டு, பிரிட்டனுக்கு அருகிலுள்ள மேன் தீவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில் விட்டுவந்த சொத்தை 2009இல் வெளியே கொண்டுசெல்ல முற்பட்டபோது, அந்நியச் செலாவணி விதிகளின்படி 10 விழுக்காடு, அதாவது 25 கோடி ராண்டுக்குச் சற்று மேல், கட்ட வேண்டியிருந்தது. எதிர்ப்பைப் பதிவு செய்தபடியே அதைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார்.

அவருடைய வாதம் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. இதுவோ நாடாளுமன்றச் சட்டம் இன்றி வசூலிக்கப்பட்ட வரி என்றார். 2014இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்று, பணத்தை வட்டியுடன் திருப்பித் தர ஆணையிட்டது. அப்பணத்தை, அரசியலமைப்பு உரிமைக்காக வழக்காடும் வசதியற்றவர்களுக்கு உதவும் அறக்கட்டளைக்கு ஒதுக்குவதாக அவர் அறிவித்தார். ஆனால் 2015 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மூலதனம் நாட்டைவிட்டு ஓடாமல் தடுப்பதே அக்கட்டணத்தின் முதன்மை நோக்கம், வருவாய் திரட்டுவதன்று, ஆகவே அது வரி ஆகாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு.

நாட்டுப்பற்று என்ற அளவுகோலால் மட்டும் இவ்வழக்கைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் செல்வத்தின் ஒரு பகுதி, 2001இல் அவர் நிறுவிய அறக்கட்டளை வழியாகக் கல்விக்கும், நிரலை எவரும் பார்த்து மாற்றத்தக்க திறந்த மூலப் பணிகளுக்கும் சென்றது. இன்னொரு பகுதி 2004இல், உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனமாகவும் உபுண்டுவாகவும் உருவெடுத்தது. தொண்ணூறுகளிலேயே டெபியன் என்னும் திறந்த மூல இயங்குதளத் திட்டத்தில் பங்களித்தவர் என்பதால், அதையே அடித்தளமாகக் கொண்டு உபுண்டுவைக் கட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் குறுவட்டுகளை அஞ்சல் செலவும் இன்றி அனுப்பிவைத்த காலமும் இருந்தது. விண்வெளிக்குக் கட்டியதைப் போலப் பலமடங்கை அவர் உபுண்டுவில் செலவிட்டிருப்பார் என்று கருதுகிறேன். அந்தச் செலவைப் பற்றி எவரும் அவரிடம் கணக்குக் கேட்பதில்லை.